ஸ்வீடன் போகிறீர்களா? வாங்கும் நோட்டில் யார் முகம் என்று பாருங்கள்

பீரோவில் ஒரு கவருக்குள் ஸ்வீடன் காசு, ஆறு ஐந்நூறு குரோனா நோட்டுகள் கிடக்கின்றன. மொத்தம் 3,000 குரோனா. 26,700 ரூபாய் கொடுத்து வாங்கியவை. ஸ்வீடனில் இவற்றைக் கொடுத்தால் ஒரு காபிகூடக் கிடைக்காது.

2024 ஆகஸ்ட்டில் நானும் மனைவியும் ஸ்டாக்ஹோம் கிளம்பினோம். வெளிநாடு போகிறோம், கையில் கொஞ்சம் காசு இருக்கட்டுமே என்ற பழைய புத்தி. சென்னையில் நாணயம் மாற்றும் கடை ஒன்றில் 4,000 குரோனா கேட்டேன். கவுண்டரில் இருந்தவர், “ஸ்வீடன் காசு எங்கயும் ஸ்டாக் இருக்காது சார். உங்க அதிர்ஷ்டம், இன்னைக்கு இருக்கு” என்றார். குரோனாவுக்கு 8.90 ரூபாய். அன்றைய சந்தை விலை எட்டை ஒட்டித்தான் இருந்தது. தெரிந்தேதான் வாங்கினேன். எட்டு நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார், நானும் எண்ணிப் பார்த்தேன். எண்ணினேனே தவிர, நோட்டைப் பார்க்கவில்லை. முறையான பில்லும் கேட்கவில்லை. தொகை எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான்.

ஸ்டாக்ஹோமில் முதல் நாள் பழைய நகரப் பகுதியான கம்லா ஸ்டானில் ஒரு காபிக் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்வீடிஷில் ஒரு சின்னப் பலகை, ‘கொன்டான்ட்ஃப்ரீட்’. ரொக்கம் வாங்குவதில்லை என்று அர்த்தம். ஸ்வீடனில் ஒரு கடை இப்படி அறிவித்துவிட்டால் ரொக்கத்தை மறுக்கலாம், சட்டம் தடுக்காது. சரி என்று கார்டைத் தேய்த்துவிட்டு வந்தோம். அடுத்த கடையிலும் அதே பலகை. அருங்காட்சியகத்திலும் அதேதான். நகரப் பேருந்தில் ஓட்டுநர் காசைத் தொடுவதே இல்லை. ரயில் நிலையக் கழிப்பறைக்குக்கூடக் கார்டுதான்.

இரண்டாம் நாள் மாலை ஒரு மளிகைக் கடையில் ரொக்கம் வாங்குவார்கள் என்று தெரிந்தது. அப்பாடா என்று ஒரு ஐந்நூறை நீட்டினேன். கல்லாவில் இருந்த பெண் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “இதை எங்கே பிடித்தீர்கள்? நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது இருந்த நோட்டு இது” என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். கூச்சத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவள் சொன்ன பிறகுதான் எட்டு நோட்டையும் பரப்பி வைத்துப் பார்த்தேன். இரண்டில் ஒரு பெண் முகம். அது பிர்கிட் நீல்சன், ஸ்வீடனின் ஓப்பரா பாடகி. அதுதான் செல்லுபடியாகும் நோட்டு. மற்ற ஆறிலும் நீளத் தலைமுடியோடு ஒரு ராஜா, பதினொன்றாம் கார்ல். ஸ்வீடன் 2015, 2016-இல் புது நோட்டுகளை வெளியிட்டது. பழைய ஐந்நூறும் நூறும் 2017 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாது. ஏழு வருடம் முன்பே செத்த காசை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

வங்கியில் மாற்றலாமே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நான் போன கிளையில் ரொக்கமே கையாள்வதில்லையாம். ஸ்வீடனின் மத்திய வங்கிக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கு ஒரு படிவம், அடையாளச் சான்று, பணம் எங்கே எப்படி வந்தது என்ற விளக்கம் எல்லாம் வேண்டும். ஒப்புக்கொண்டால் கட்டணம் கழித்துக்கொண்டு கணக்கில் போடுவார்கள். என்னிடம் இருந்ததோ துண்டுச் சீட்டு. விட்டுவிட்டேன்.

ஊர் திரும்பியதும் அந்தக் கடைக்குப் போனேன். அதே ஆள். “கவுண்டரை விட்டுப் போறதுக்கு முன்னாடி பார்த்து வாங்கணும் சார். இது எங்க நோட்டுதான்னு எப்படி நம்புறது?” என்றார். பில் இருந்திருந்தால் கொஞ்சமாவது சண்டை போட்டிருக்கலாம்.

அக்கம்பக்கத்து நாடுகளுக்குப் போகிறவர்களும் இதே குழியில் விழலாம். நார்வேயின் இப்போதைய நோட்டுகளில் ஆள் முகமே கிடையாது. கலங்கரை விளக்கம், வைக்கிங் கப்பல், மீன், அலை என்று எல்லாம் கடல் சம்பந்தப்பட்டவை. முகம் இருந்தால் பழைய நோட்டு, தொடாதீர்கள். டென்மார்க் நோட்டில் பாலம் இருக்க வேண்டும். பாலம் இருந்தாலும் ஆயிரம் குரோனே நோட்டை வாங்காதீர்கள், 2025 மே 31-க்குப் பிறகு அது செல்லாது. மூன்று நாட்டுக் காசுக்கும் பேர் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஒன்று இன்னொரு நாட்டில் ஓடாது. ரொக்கத்துக்கு நார்வே கொஞ்சம் பரவாயில்லை. 2024 அக்டோபரிலிருந்து கடைகளில் 20,000 குரோனே வரை ரொக்கமாகக் கொடுக்கும் உரிமையைச் சட்டத்தில் இறுக்கியிருக்கிறார்கள்.

கார்டு மட்டும் யோக்கியமா என்றால், அங்கேயும் ஒரு அடி வாங்கினேன். ஒரு உணவகத்தில் 1,860 குரோனா பில். கார்டைச் செருகியதும் மெஷின் திரையில் இரண்டு தொகை வந்தது. ஒன்று குரோனாவில், இன்னொன்று ரூபாயில். நான் படித்து முடிப்பதற்குள் பரிமாறுபவர் ரூபாய்ப் பொத்தானை அழுத்திவிட்டு, “உங்கள் நாட்டுப் பணத்திலேயே, வசதிக்காக” என்றார். யாருக்கு வசதி? குரோனாவுக்கு 8.70 வீதம் 16,182 ரூபாய் போனது. அதற்கு மேல் என் வங்கியும் ஒரு சதவீதம் எடுத்துக்கொண்டது. எப்போதும் அந்த நாட்டுக் காசையே தேர்ந்தெடுங்கள். நம் வங்கிகள் வழக்கமாகப் போடும் மூன்றரை சதவீதக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்தால்கூட எனக்கு 15,500 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். யாராவது பொத்தானை முந்தி அழுத்தினால், ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். நான் வெட்கப்பட்டேன்.

இன்னொன்று. ஸ்டாக்ஹோம் மெட்ரோ வாசலில் கார்டைத் தட்டினால் கதவு திறக்கும், ஆனால் ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான். நான் உள்ளே போய்விட்டேன், மனைவியின் கார்டு வேலை செய்யவில்லை. “என்னங்க, இது சிவப்பு விளக்கு காட்டுது” என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறாள். நம் ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி, புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வரும். வங்கி ஆப்பில் நாம்தான் திறந்துவிட வேண்டும். கார்டைத் தட்டிக் கொடுப்பதற்கும் தனியாக ஒரு சுவிட்ச் இருக்கிறது. கதவுக்கு இருபுறமும் நின்றுகொண்டு ஓடிபி வருமா வராதா என்று கால் மணி நேரம் போராடினோம். ஊரிலேயே இதை முடித்துவிடுங்கள். ஆளுக்கொரு கார்டு, வெவ்வேறு வங்கியாக இருந்தால் நல்லது. பின் நம்பரும் மனப்பாடமாக இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பாட்டி மரக்குதிரை பொம்மை விற்றார். கார்டு மெஷின் இல்லை. ஸ்விஷ் என்ற செல்பேசிச் செயலி மட்டும்தான், அதற்கு ஸ்வீடன் வங்கிக் கணக்கு வேண்டும். பிர்கிட் நீல்சன் நோட்டு ஒன்றை நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சில்லறை இல்லை என்று கையை விரித்துவிட்டார்.