கொண்டலாம்பட்டி பட்டறை: சென்சார் மாற்றாமலே தீர்ந்த கோளாறு

ஏற்காடு மலை ஏறும்போதெல்லாம் எங்கள் பிஎஸ்6 டீசல் வண்டியில் இன்ஜின் விளக்கு எரியும், இழுவை செத்துவிடும். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் இது விளையாட்டில்லை. வேறொரு சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகியதும், "எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் சென்சார் போச்சு" என்று, புகையின் சூட்டை அளக்கும் அந்த சென்சாரை மாற்ற எஸ்டிமேட்டை நீட்டினார்கள்.

சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கத்துப் பட்டறையில் அவசரமே இல்லை. "ராத்திரி வண்டி இங்கயே நிக்கட்டும்ணா, இன்ஜின் ஆறணும்" என்றார் எலக்ட்ரீஷியன் தம்பி. காலையில் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் லைவ் டேட்டா, அதாவது சென்சார்கள் அந்த நேரத்தில் காட்டும் அளவுகளைக் காட்டினார். ஆறிய வண்டியில் எல்லா டெம்பரேச்சர் சென்சாரும் வெளிக்காற்றின் சூட்டைத்தான் காட்ட வேண்டும். மற்றவை 28, 29 என்றிருக்க, புகைக்கரியை வடிகட்டும் டிபிஎஃப் ஃபில்டருக்கு முன்னால் இருப்பது மட்டும் 900 டிகிரிக்கு மேல்! கனெக்டரைப் பிரித்து மல்டிமீட்டர் வைத்தார். சூடு ஏற ஏற மின்தடை கூடும் வகை சென்சார் அது. அந்தச் சூட்டுக்கு ஏற்ற 220 ஓம் அளவில் நல்லபடியாகவே இருந்தது. அப்புறம் வயரைத் தடவிக்கொண்டே போனார். கிளிப் உடைந்து, வயர் சைலன்சர் குழாயில் பட்டு உருகி, உள்ளே கம்பி அறுந்திருந்தது. அறுந்த வயரை, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ அதிக மின்தடையாக எடுத்துக்கொண்டு, அதிகச் சூடு என்று பயந்திருக்கிறது.

வயரை ஒட்டுப்போட்டு, சூடு தாங்கும் உறை மாட்டி, புது கிளிப் வைத்தார்கள். வாங்கிய காசு புது சென்சார் விலைக்குப் பக்கத்தில்கூட இல்லை. உட்கார நிழல் கிடையாது, போனை எடுக்கவே மாட்டார்கள். நேரில்தான் போக வேண்டும்.