டயர் வெடித்துப் பாரிஸுக்கே திரும்பிய விமானம்: ஒரு பயணியின் மதிப்பீடு

பாரிஸ் சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து வளைகுடா வழியாகச் சென்னைக்கு அம்மாவுடன் மேற்கொண்ட பயணத்தைப் பற்றிய மதிப்பீடு இது. உணவைப் பற்றியோ இருக்கையைப் பற்றியோ எழுத எனக்கு அதிகம் இல்லை. ஏனெனில் புறப்பட்ட இரண்டு மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்து இறங்கிவிட்டோம்.

எங்களுடையது போயிங் 777; இடம் இறக்கைக்குச் சற்றுப் பின்னால். ஓடுபாதையில் வேகம் கூடி, மூக்கு மேலெழும் தருணத்தில் காலடியில் பெரும் வெடிச்சத்தம் கேட்டது. அடுத்த சில நொடிகள் சம்மட்டியால் தரையை அடிப்பது போன்ற அதிர்வு. அம்மா என் மணிக்கட்டைப் பற்றிய பிடியில் அவருடைய வளையல் என் தோலில் பதிந்துவிட்டது. விமானம் மேலே ஏறியதும் அதிர்வு நின்றது. ஆனால் சக்கரங்கள் உள்ளே மடங்கும்போது வழக்கமாகக் கேட்கும் ஓசை மட்டும் வரவேயில்லை.

2000 ஜூலை 25 அன்று இதே விமான நிலையத்திலிருந்து கிளம்பிய கான்கார்ட் என்ற அதிவேகப் பயணிகள் விமானம், ஓடுபாதையில் வேறொரு விமானத்திலிருந்து விழுந்து கிடந்த உலோகப் பட்டையின் மீது ஏறியதில் டயர் கிழிந்து, அதன் துண்டு இறக்கையின் அடிப்பகுதியைத் தாக்கி, எரிபொருள் தொட்டி உடைந்து தீப்பற்றி, அருகிலுள்ள லெ பூர்ஜேயில் இறங்க முயன்றும் முடியாமல் கோனெஸ் ஊரில் ஒரு விடுதியின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 109 பேரும் தரையில் இருந்த 4 பேரும் இறந்தனர். அந்தச் சில நிமிடங்களில் என் நினைவில் இருந்தது அது ஒன்றுதான்.

ஆகவேதான் விமானியின் அறிவிப்பை இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த சேவை என்று சொல்கிறேன். இடப்பக்க டயர் ஒன்று வெடித்துவிட்டது, ஓடுபாதையில் ரப்பர் துண்டுகள் கிடைத்திருக்கின்றன, எரிபொருள் தொட்டியிலும் ஹைட்ராலிக் அமைப்பிலும் பழுது எதுவும் காட்டவில்லை, பிரதானச் சக்கரங்கள் 12 இருப்பதால் ஒன்று போனாலும் மற்றவை தாங்கும் என்று அவர் நிதானமாகச் சொன்னார். அந்த வேகத்தில் பிரேக் பிடிப்பதைவிட மேலே எழுவதே பாதுகாப்பானது என்பதையும் மறைக்காமல் விளக்கினார். 777-300ஈஆர் ரகம் ஏறத்தாழ 351 டன் வரை எடையுடன் எழலாம். இறங்கும்போது வரம்பு 251 டன்தான். நாங்கள் அந்த உச்ச எடையில் இல்லாவிட்டாலும் எரிபொருளை வானிலேயே வெளியேற்றிக் குறைக்க வேண்டியிருந்தது. இறக்கை முனையருகே அது வெண்புகை போல நீண்டு கரைவதை ஜன்னல் வழியே பார்த்தபடி இருந்தோம். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அதைத் தீ என்று எண்ணி யாரும் அலறவில்லை. மொழி புரியாத அம்மாவின் அருகே ஒரு பணிப்பெண் மண்டியிட்டு, தலையைக் குனிந்து அமரும் முறையைத் தானே செய்து காட்டியதை நான் மறக்க மாட்டேன்.

இறங்கியது மென்மையாகவே இருந்தது. தீயணைப்பு வண்டிகள் சூழ்ந்து பிரேக் சூட்டைச் சோதித்த பிறகு எங்களைப் பேருந்தில் ஏற்றினார்கள். அங்கிருந்து பார்த்தபோது அந்த ஒரு சக்கரத்தில் ரப்பர் நார் நாராகத் தொங்க, உலோக வளையம் வெறுமையாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்த எதையும் பாராட்ட முடியவில்லை. நான்கு மணி நேரம் அறிவிப்பே இல்லை. அம்மாவின் சர்க்கரை மாத்திரைகள் சரக்கில் போட்ட பெட்டியில் இருந்தன. அதை எடுத்துத் தரும் அதிகாரம் யாருக்கு என்பதே முகப்பில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. தங்கும் விடுதிச் சீட்டு கைக்கு வந்தபோது இரவு பதினொன்று. மறுநாள் வேறு விமானத்தில் ஏற்றினார்கள். சென்னைக்கு 22 மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தோம்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும், பயணிகளின் உரிமைகளைச் சொல்லும் 261/2004 ஒழுங்குவிதி பொருந்தும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இத்தகைய பயணத்துக்கு இழப்பீடு தலைக்கு 600 யூரோ. கிளம்பிய இடத்துக்கே திரும்பி, பயணிகளை வேறு விமானத்துக்கு மாற்றினால் அது ரத்தான விமானமாகவே கருதப்படும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011இல் கூறியது. அந்த வழக்கும் இதே நிலையத்திலிருந்து கிளம்பித் திரும்பிய விமானத்தைப் பற்றியதுதான். ஆனால் இழப்பீட்டை மறுத்து நிறுவனம் எனக்கு அனுப்பிய பதிலில் “அசாதாரணச் சூழ்நிலை” என்ற இரண்டு சொற்களைத் தவிர விளக்கம் எதுவும் இல்லை. ஓடுபாதையில் கிடந்த திருகாணி போன்ற பொருளால் டயர் சேதமானால் மட்டுமே அப்படிச் சொல்ல முடியும் என்பதும், அப்போதும் தாமதத்தைக் குறைக்கத் தன்னால் இயன்ற அனைத்தையும் செய்ததாக நிறுவனமே நிரூபிக்க வேண்டும் என்பதும் 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பு. டயர் தேய்ந்து வெடித்திருந்தால் அது நிறுவனத்தின் பொறுப்பு.

விமானிக்கும் பணியாளர்களுக்கும் ஐந்துக்கு ஐந்து தருகிறேன். தரைச் சேவைக்கு ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. டயர் எதனால் வெடித்தது, ஓடுபாதையில் எந்தப் பொருள் கிடைத்தது என்று கேட்டு இரண்டாவது கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இதன் கீழேயே சேர்க்கிறேன்.