டோக்கி போனா: பொங்கலும் கேக்கும் ஒன்றாகிற மொழி

பண்டாரவளைத் தம்பி ஒருவன், "அண்ணே, டோக்கி போனா படிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறான். சோன்யா லாங் 2001இல் வெளியிட்ட செயற்கை மொழி, ஏறத்தாழ 120 சொல், 14 எழுத்து என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். அதனால் நேரே என் எரிச்சலுக்கு வருகிறேன். இனிப்பு.

இனிப்புக்கு ஒரே சொல்தான், 'சுவி'. போதாததற்குக் குழந்தை கொஞ்சலாக இருந்தாலும் சுவி. மிச்சத்தை நிறம், பதம் எல்லாம் சேர்த்து நாமே கட்டிக்கொள்ள வேண்டும். வெள்ளைச் சீனி 'கோ சுவி வாலோ', வெள்ளையான இனிப்புத் தூள். சரி. கித்துள் என்ற பனை வகை மரத்தின் கருப்பட்டி 'கிவென் சுவி பிமேயா', கறுத்த கெட்டி இனிப்பு. இதுவும் சரி, எனக்குப் பிடித்தும் இருக்கிறது. தயிரில் ஊற்றிச் சாப்பிடும் கித்துள் பாணிக்கு (பாகு) 'தெலோ சுவி பிமேயா' என்று எழுதினேன், அதாவது கறுத்த இனிப்பு நீர். வெளிநாட்டுக்காரர் ஒருவர், நான் எருமைத் தயிரில் கோலாவை ஊற்றிச் சாப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார்! பூவைச் சீவி, பதநீர் இறக்கி, அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சுகிற பாணியும் போத்தலில் நுரைக்கிற கோலாவும் ஒன்றா? 'காசி கிட்டு', அதாவது கித்துள் செடி, என்று மரத்தின் பெயரை ஒட்டிவிடலாம்தான், ஆனால் கித்துளைக் கண்ணால் பார்க்காதவனுக்கு அது வெறும் சத்தம்.

தைப்பொங்கலுக்கு இன்னும் மோசம். அரிசி, கோதுமை, பாண் எல்லாமே 'பான்' என்பதால் கோயில் சர்க்கரைப் பொங்கலும் பிறந்தநாள் கேக்கும் 'பான் சுவி'.

நல்லதும் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் பாவம். தலவாக்கலை என்ற மலையக ஊர்ப் பெயர் கடைசி அசையைத் தவிர அப்படியே இந்த மொழிக்குள் உட்காருகிறது. ஹ கிடையாது, ஹட்டன் அட்டன் ஆகும், அதை நம் ஆட்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். (டி என்ற அசைக்கு அனுமதியே இல்லை, தேயிலை மலையில் இருந்துகொண்டு டீ என்று சொல்ல முடியாது. 'தெலோ காசி', செடி நீர்.) அப்புறம், நான் எதிர்பாராத ஒன்று: பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாததால் கையில் இருப்பது தூளா, கட்டியா, ஓடுகிறதா, என்ன நிறம் என்று பார்த்தே ஆகவேண்டும், அந்தப் பழக்கம் கடையில் சாமான் வாங்கும்போதும் வந்துவிட்டது. ஆனால் சீனி கலந்த பாணியும் இங்கே தெலோ சுவி பிமேயாதான். கலப்படக்காரனுக்கு இதைவிட வசதியான மொழி கிடையாது.

பத்துக்கு எட்டு கொடுப்பேன். ஆனாலும் தம்பி, நீ படிக்காதே. சாப்பாட்டைப் பற்றியே பேசுகிற ஆள் நீ, எஸ்பெராண்டோ என்ற இன்னொரு செயற்கை மொழிப் பக்கம் போ, சீனிக்குச் 'சுகேரோ', தேனுக்கு 'மியேலோ' என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். நான் மாறப் போவதில்லை, ஏன் என்று கேட்காதே.