மஞ்சள் மாத்திரையும் மறுநாள் காலையும்

பக்கத்து வீட்டு அக்கா நேற்று கையெல்லாம் காணாக்கடித் தடிப்போடு வந்து, "தம்பி, நீ போடுற அந்த மஞ்சள் மாத்திரையில ரெண்டு குடு" என்றார். கொடுக்கவில்லை.

ஆறு வருடமாக என் வீட்டில் அது இருக்கிறது. குளோர்பெனிரமின், 4 மில்லிகிராம். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் எனக்கு வேலை. லாலான் புல்லில் இறங்கினால் அன்றிரவே முதுகும் தொடையும் தடித்துவிடும். மாத்திரை போட்டால் கொஞ்ச நேரத்தில் அரிப்பு அடங்கும். சொரிந்தே விடிந்த இரவுகளைக் கண்டவர்களுக்குத்தான் அந்த நிம்மதி புரியும்.

என் கோபமெல்லாம் மறுநாள் காலையின்மேல். இரவு 10 மணிக்குப் போட்டது 5 மணிக்கும் தலைக்குள் இருக்கிறது. ஒருநாள் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் வழியில், வளைவில் எதிரே வந்த பழ லாரியின் விளக்கைப் பார்த்தும் பிரேக் பிடிக்கத் தோன்றவில்லை. ஹாரன் கேட்டபிறகுதான் மோட்டாரை ஓரத்து மண்ணில் இறக்கினேன். நான் தூங்கவில்லை, தூக்கம் வருவதாகக்கூடத் தெரியவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

அரிப்பைக் கிளப்புவது உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள். மூளையை விழிப்பாக வைப்பதில் அதற்கும் பங்குண்டு. இந்தப் பழைய மருந்து மூளைக்குள்ளும் புகுந்து அதன் வேலையைத் தடுக்கிறது. உடலில் மருந்தின் அளவு பாதியாகவே சுமார் 20 மணி நேரம் ஆகலாம். அந்த வாரம் கிளினிக்கில் தந்த சளி மருந்திலும் இதே சரக்கு இருந்தது. பிறகு பாட்டிலைப் படித்துத்தான் தெரிந்தது. வேறு என்ன மருந்து போடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, நானும் சொல்லவில்லை.

சம்சுவோ பீரோ குடித்திருந்தால் இதைத் தொடவே கூடாது. புரோஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

எனக்கு இதைப்போல அரிப்பை அடக்கிய மருந்து வேறில்லை. ஆனாலும் அக்காவுக்கு வேண்டாம். விடியற்காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளி வேன் ஓட்டுகிறவர். பார்மசியில் லோராட்டடின் 10 மில்லிகிராம் என்ற வேறு அரிப்பு மாத்திரை ஒத்துவருமா என்று கேளுங்கள், நாளுக்கு ஒன்று போதும், தூக்கம் குறைவு, அதையும் முதல் தடவை வேன் ஓட்டாத நாளில் போட்டுப் பாருங்கள் என்றேன். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு திணறினால், மாத்திரை தேடாமல் 999-ஐ அழையுங்கள் என்றும் சொன்னேன்.

அக்கா கோபித்துக்கொண்டுதான் போனார். சாயந்திரம் நானே பார்மசிக்குக் கூட்டிப் போகிறேன்.