மீன் புடிக்க ஏரியா டேமா? கையில ஒரு தூண்டில் ராடுதான் இருக்குன்னா எங்க போறது

ரெண்டுமே நிக்கிற தண்ணிதானே, என்ன பெரிய வித்தியாசம் இருந்துடப் போகுதுன்னு நெனச்சு ரொம்ப நாள் ஒரே ராடு, ஒரே நரம்போட (தூண்டில் கயிறுதான் நரம்பு) ரெண்டுக்கும் மாறி மாறி போயிட்டு இருந்தேன். ஏரியில எப்படியும் நாலு மாட்டும், டேம்லயோ விடிஞ்சதுலருந்து பொழுது சாயுற வரைக்கும் தக்கை அசையவே அசையாது. டேம்ல மீனே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு திரிஞ்சேன், கடைசில பார்த்தா மீன் இல்லாத எடமா தேடிப் போய் நின்னது நான்தான். ஏரியில செடிய தேடணும், டேம்ல ஆழம் மாறுற எடத்த தேடணும், எனக்கு இது மண்டையில ஏறவே ரெண்டு மூணு வருஷம் ஆச்சு.

முதல்ல ஏரி. பெரும்பாலான ஏரி தட்டு மாதிரி, எங்க எறக்குனாலும் ஆழம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால மீனுக்கு ஒளிய எடம்னா தாமரை இலை, கோரை, ஆகாயத்தாமரை இதுங்க அடிதான். நடு ஏரிக்கு தூக்கி வீசுறவங்கள பார்த்தா பாவமா இருக்கும், ஏன்னா மீன் அவங்க காலுக்கு பத்தடி தள்ளி கோரைக்குள்ள இருக்கும். விரால் புடிக்கணும்னா ஏரிய அடிச்சுக்க முடியாது. விராலுக்கு செவுள் மட்டும் பத்தாது, மேல வந்து காத்து குடிச்சே ஆகணும், அதனால சும்மா பத்து நிமிஷம் கரையில உக்காந்து காத கொடுத்தாலே போதும், இலைக்கு நடுவுல ப்ளக்குன்னு ஒரு சத்தம், ஒரு வட்டம், ரெண்டு மூணு குமிழி. உடனே அந்த வட்டத்துல போய் போட்டுடாதீங்க. அதுக்கு ஒரு ரெண்டு மூணடி தாண்டி ஃபிராக் லூர (தவளை மாதிரி செஞ்ச பொய் இரை) வீசி இலை மேலயே மெதுவா இழுத்துட்டு வந்து இடைவெளில நிறுத்துங்க. அடிக்கும் பாருங்க, தண்ணி தெறிக்கும், நெஞ்சு திக்குன்னு ஆகும், அந்த நேரத்துல சுண்டினா போச்சு, லூரு பறந்து நம்ம மூஞ்சிக்கே வரும். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணி, அது வாய மூடி திரும்புனதுக்கு அப்புறம் வெட்டி இழுக்கணும். செவப்பா குஞ்சுக் கூட்டம் மேல கொதிக்கிற மாதிரி தெரிஞ்சா மட்டும் அந்தப் பக்கம் போடாதீங்க, அடியில தாயும் தகப்பனும் காவலுக்கு நிக்கும், எத போட்டாலும் கோவத்துல பாஞ்சு அடிக்கும், சுலபமாவும் மாட்டும், ஆனா அதுங்கள தூக்கிட்டா அந்த குஞ்சுங்க அவ்ளோதான்.

இன்னொண்ணு, விடியறதுக்கு முன்னாடி போனாத்தான் மீன் மாட்டும்னு எல்லாரும் சொல்றது ஏரிக்கு அவ்வளவா ஒத்து வராது. செடி நெறைய இருக்குற ஏரியில ராத்திரி பூரா செடியும் சேர்ந்து ஆக்ஸிஜன இழுக்கும், அதனால சூரியன் வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் தண்ணில ஆக்ஸிஜன் ரொம்ப கம்மி, கெண்டையும் ஜிலேபியும் மேல வந்து வாய பொளந்துட்டு இருக்கும், ஆனா இரை எடுக்காது. வெயில் ஏறி ஒரு மணி நேரம் ஆகட்டும், அப்புறம் கொத்த ஆரம்பிக்கும். காத்தடிச்சு அலை இருக்குற ஏரியா இருந்தா இந்தத் தொல்லை கம்மி.

டேம் கதை வேற. அது ஒரு பள்ளத்தாக்க மூடி நெரப்புன தண்ணி, அடியில பழைய ஆத்து வாய்க்கா, பாறை, மரத்து கட்டை, சில எடத்துல பழைய ரோடு கூட இருக்கும். நல்ல வெயில் காலத்துல தண்ணி அடுக்கு அடுக்கா பிரிஞ்சிடும், மேல சூடு, கீழ குளிர்ச்சி, ரெண்டும் கலக்காம கீழ ஆக்ஸிஜன் தீர்ந்துபோயிடும். அதனால பெரிய மீனு அடியிலதான் கெடக்கும்னு நெனச்சு ஈயத்த கட்டி அத்தனை ஆழத்துல எறக்குறது வெட்டி வேலை, நான் அதத்தான் ரெண்டு சீசன் செஞ்சேன். மேட்டுலருந்து பள்ளத்துக்கு எறங்குற விளிம்புதான் எடம், கட்லா, ரோகு எல்லாம் அத ஒட்டித்தான் சுத்தும். அந்த விளிம்ப கண்டுபுடிக்க சோனார் (ஆழம் காட்டுற கருவி) எல்லாம் வேணாம், கோடைல தண்ணி வத்திக் கெடக்கும்போது ஒரு தடவ போயி மொட்டையா தெரியுற தரைய போன்ல நாலு படம் எடுத்து வச்சுக்கிட்டா போதும், அடுத்த வருஷம் பூரா அதான் மேப்பு. தண்ணி எறங்கும்போது மீன் வாய்க்கா பக்கம் ஒதுங்கும், ஏறும்போது புதுசா முழுகுன புல்லுக்குள்ள பூச்சி புழு திங்க கரைக்கே வந்துடும். தண்ணி ஏறுற வாரம்தான் டேமுக்கு போற வாரம்.

நரம்புலதான் நான் ரொம்ப அடி வாங்குனது. ஏரிக்கு பிரெய்ட், அதாவது பின்னல் நரம்பு, அருமை, நீளவே நீளாது, செடி தண்ட கத்தி மாதிரி அறுத்துட்டு வரும், விரால் உள்ள பூந்தாலும் புடுங்கிடலாம். அதே பிரெய்ட அப்படியே டேமுக்கு கொண்டு போயி, ஒரு நல்ல மீனு, ரீல்ல டிராக் (மீன் இழுக்க இழுக்க நரம்ப விட்டுக் குடுக்குறது) கிர்ருன்னு ஓடுது, திடீர்னு கை லேசாயிடுச்சு. சுத்தி எடுத்து பார்த்தா நுனி பஞ்சு மாதிரி பிரிஞ்சு நிக்குது, பாறையில உரசி அறுந்திருக்கு. டேமுக்கு கனமான தங்கூஸ் (நைலான்) நரம்பு, இல்லன்னா பிரெய்ட் நுனில ரெண்டு மீட்டராவது ஃபுளோரோகார்பன் (உரசல தாங்குற நரம்பு) கட்டணும். தங்கூஸ் கொஞ்சம் நீளும், பெரிய மீன் திடீர்னு திமிறும்போது தூண்டி முள்ளு வாய கிழிச்சுட்டு வராம காப்பாத்துறதும் அந்த நீளல்தான்.

ராடு நீளம் பத்தி சண்டை போடுறதுல அர்த்தமில்ல, செடிக்குள்ள வீச ஆறேழு அடி, டேம் கரையில தூரம் போக ஒன்பது பத்து அடி, அவ்வளவுதான்.

ஆபத்துன்னு பார்த்தா டேம்தான். ஏரியில சேத்துல கால் மாட்டும், செருப்பு போகும். டேம் கரை நாலு அடி வச்சதும் திடீர்னு சரியும், மதகுக்கு கீழ ஆத்துல நின்னீங்கன்னா தண்ணி தொறந்து விட்டா ஓட நேரம் கெடைக்காது. அந்த எடத்துல எவ்ளோ மீன் துள்ளுனாலும் நான் நிக்கிறதில்ல. ரெண்டு எடத்துலயும் அனுமதி கேட்டுட்டு உக்காருங்க.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு என் ஓட்டு ஏரிக்குத்தான், எடத்த கண்ணால பார்க்கலாம், தப்பு பண்ணா உடனே தெரியும். ரெண்டுக்கும் போகணும் ஆனா ரெண்டு செட்டு வாங்க முடியாதுன்னா ஏழடி ஸ்பின்னிங் ராடு ஒண்ணு, 3000 சைஸ் ரீல் ஒண்ணு, கூட ஒரு எக்ஸ்ட்ரா ஸ்பூல் (ரீல்ல நரம்பு சுத்துற உருளை). ஒண்ணுல பிரெய்ட், இன்னொண்ணுல தங்கூஸ், வீட்ட விட்டு கெளம்பும்போதே மாத்திடுங்க, கரையில போயி மாத்திக்கலாம்னு விட்டா மறந்துடும்.