நீரோட்டத்தில் கோடு தவறாமல் போக: கார்மின் ஜிபிஎஸ்மேப் 78எஸ்

78எஸ் கடலில் வழிகாட்டும் பழைய ஜிபிஎஸ் கைக்கருவி. தொடுதிரை இல்லை, 2.6 அங்குலத் திரையில் 160-க்கு 240 புள்ளிகள்தான். வரைபடம் பார்ப்பதற்காக இதை வாங்க வேண்டாம். பக்கக்காற்றும் நீரோட்டமும் தள்ளும்போது படகைக் கோட்டில் (புறப்பட்ட இடத்திலிருந்து சேர வேண்டிய இடத்துக்கான நேர்கோடு) பிடித்து வைக்க இது தாராளமாகப் போதும், ஒரே ஒரு அமைப்பை மாற்றிவிட்டால்.

செட்டப் மெனுவில் 'ஹெடிங்' பகுதிக்குள் 'கோ டு' முள்ளுக்கான தேர்வு இருக்கிறது. அதில் 'பேரிங்' இருந்தால், சேர வேண்டிய இடம் எந்தத் திசையில் என்று மட்டும் முள் காட்டும். அதைப் பார்த்தே அணியத்தை (படகின் முன்முனை) திருப்பிக்கொண்டிருந்தால் பாதை வில்லாக வளையும், கடைசி தூரத்தை ஓட்டத்துக்கு எதிராக ஏற வேண்டிவரும். வளைவுக்குள் மணல்திட்டு இருந்தாலும் முள்ளில் ஒரு மாற்றமும் தெரியாது. 'கோர்ஸ்' என மாற்றுங்கள். இப்போது முள்ளின் நடுத்துண்டு தனியே விலகி, கோடு எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி என்று காட்டும். 2 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) நீரோட்டம் நிமிடத்துக்கு 60 மீட்டருக்கு மேல் ஒதுக்கும். அதனால் விலகலைக் காட்டும் ஸ்கேலைச் சிறியதாக வைப்பது நல்லது.

திருத்தும் முறை இதுதான். போக வேண்டியது நேர் கிழக்கு, அதாவது வடக்கிலிருந்து வலச்சுற்றாக 90 பாகை, 090. படகின் வேகம் 5 நாட். நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே 2 நாட். அணியத்தை 090-இல் பிடித்தால் கருவியில் பயணத் திசை (படகு உண்மையில் நகரும் திசை) 112 என வரும். வித்தியாசம் 22 பாகை. அணியத்தை அவ்வளவு இடப்பக்கம் திருப்பி 068-இல் பிடியுங்கள். அப்போதும் பயணத் திசை 091, 092 என்றே நிற்கும். இன்னும் 2 பாகை திருப்பி 066-இல் பிடித்தால்தான் கோடு நிலைக்கும். தரை வேகம் 4.6 நாட்டாகக் குறையும், சேரும் நேரத்தை அதை வைத்துக் கணக்கிடுங்கள். காற்றின் தள்ளலும் இதே திருத்தத்துக்குள் அடங்கிவிடும், தனியாகக் கணக்குப் போடத் தேவையில்லை. காற்று மாறினால் முதல் படியிலிருந்து மறுபடி.

பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. படகு ஓடும்போது ஜிபிஎஸ் தருவது படகு நகரும் திசை, அணியம் பார்க்கும் திசை அல்ல. அணியத்தின் திசையைப் படகின் காம்பஸில்தான் படிக்க வேண்டும். கருவியில் உள்ள எலக்ட்ரானிக் காம்பஸ் கருவியைக் கையில் பிடித்திருக்கும் திசையைத்தான் காட்டும். மெதுவாகப் போகும்போது அந்த எண் குறுக்கே வந்து குழப்பும். ஓட்டத்தில் அதை அணைத்துவிடலாம். படகின் காம்பஸ் காந்த வடக்கைக் காட்டுவதால் கருவியிலும் வடக்கைக் 'காந்தம்' என வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு எண்களும் ஒத்துவராமல் போகலாம்.

1 நாட்டுக்குக் கீழே பயணத் திசை தாறுமாறாகக் குதிக்கும். 5 மீட்டர் விலகலுக்கெல்லாம் சுக்கானைத் தொட வேண்டாம், அது ஜிபிஎஸ்ஸின் இயல்பான பிழைக்குள் அடங்கும். ஒரே பக்கம் விலகல் கூடிக்கொண்டே போனால் மட்டும் திருப்புங்கள்.

கருவியின் நீர்புகாத் தரம் ஐபிஎக்ஸ்7. கடலில் விழுந்தால் மிதக்கும். ஈரக் கையிலும் பொத்தான்கள் சொன்னபடி கேட்பது தொடுதிரைகளில் கிடைக்காத வசதி. இரண்டு ஏஏ பேட்டரிக்கு நிறுவனம் சொல்வது 20 மணி நேரம். திரை விளக்கு எரிந்தால் குறையும் என்பதால் மாற்று ஜோடி கைவசம் இருக்கட்டும். பேட்டரி மாற்றியபின் எலக்ட்ரானிக் காம்பஸை மறுபடி அளவமைக்க வேண்டும். எஞ்சின், இரும்புச் சாமான்களுக்குத் தள்ளி நின்று செய்யுங்கள்.