சிங்கப்பூர் – நியூயார்க்: ஒரே மூச்சில் போவதா, பிராங்பர்ட்டில் இறங்கிப் போவதா?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு மிகக் குறுகிய வான்வழித் தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். இரண்டு ஊர்களும் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால், பூகோள உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் அது வட துருவத்தை ஒட்டியே போகும். ஆனால் நியூயார்க் போகிற நேரடி விமானம் பெரும்பாலும் பசிபிக் பக்கமாகத்தான் பறக்கிறது. தூரம் கூடினாலும், மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வெளிக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரம் மிச்சமாகிறது. எனவே கிலோமீட்டரை மட்டும் பார்த்துப் பயண நேரத்தைக் கணக்கிட்டால் சரிவராது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடிச் சேவைக்கு ஏறக்குறைய 18½ முதல் 19 மணி நேரம் ஆகும். 2004இல் நியூயார்க்கை ஒட்டியுள்ள நியூவர்க் விமான நிலையத்துக்கு ஏர்பஸ் ஏ340-500 விமானத்தில் இதைத் தொடங்கினார்கள். நான்கு எஞ்சின்கள் குடித்த எரிபொருளுக்குக் கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்தினார்கள். 2018இல் மிக நீண்ட தூரம் பறப்பதற்கென்றே அமைத்த இரட்டை எஞ்சின் ஏ350-900 யூஎல்ஆர் வந்த பிறகுதான் மறுபடியும் ஓடத் தொடங்கியது; 2020 முதல் கென்னடிக்கும் போகிறது. இவ்வளவு தூரம் பறக்க எடை குறைய வேண்டுமே! அதனால் இருக்கைகள் மொத்தம் 161தான்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி கிடையாது. டிக்கெட் விலையைப் பார்த்ததும் பலர் பின்வாங்குவது இதனால்தான்.

அதே நிறுவனத்தின் பிராங்பர்ட் வழி விமானத்தில் எகானமி உண்டு. தூரம் சுமார் 16,450 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 1,100 கூடுதல். அந்தக் கூடுதல் தூரத்தைப் பறந்து கடக்க ஒன்றேகால் மணி நேரம் போதும். ஆனாலும் மொத்தப் பயணம் 23, 24 மணி நேரமாகிவிடுகிறது. நடுவில் தரையில் இரண்டு மணி நேரம் போவதும், அட்லாண்டிக்கில் எதிர்காற்று வாங்குவதும்தான் காரணம். பிராங்பர்ட்டில் எல்லோரும் கைப்பையோடு இறங்கி, பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி, அதே விமானத்தில் மறுபடி ஏற வேண்டும். அரைத் தூக்கத்தில் இது எரிச்சல்தான். ஆனால் கால் மரத்துப் போகிறவர்களுக்கு அந்த நடை ஒரு வரம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

துபாயில் விமானம் மாறினால் தூரம் 16,900 கிலோமீட்டரை நெருங்கும், காத்திருப்பைப் பொறுத்து ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். விலை நன்றாகக் குறைந்தால் மட்டுமே அதை யோசிப்பேன்.

அலுவலகம் பணம் கட்டுகிறது என்றால் கேள்வியே இல்லை, நேரடி விமானம்தான். கைக்காசு போட்டுக் குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் பிராங்பர்ட் வழியைச் சொல்வேன். நான்கு பேருக்கு மிச்சமாகும் தொகை, கூடுதலாகப் போகிற நாலைந்து மணி நேரத்தைவிடப் பெரிது.